ஊமத்தைப் புகை கடல் கடந்த கதை

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சியில் சென்னை ராஜதானியின் தலைமை வைத்தியராக இருந்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, சிவப்புச் சாயம் தரும் பூச்சிகளை அதில் வளர்த்துவிட வேண்டும் என்று அரும்பாடுபட்ட டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் பெயரைச் சென்னையின் பழைய சரித்திரத்தில் பிரியமுள்ளவர்கள் கேட்டிருக்கக்கூடும். அந்தப் பூச்சி விவகாரம் அவர் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் இழுப்பு நோய்க்காரர் ஊமத்தையை உலர்த்திப் புகைபிடித்துச் சுகம் காணும் இந்நாட்டு வழக்கத்தை அவர் ஜெனரல் ஜென்ட் என்ற படைத் தலைவருக்குச் சொல்ல, அவர் 1802-ஆம் ஆண்டில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார் என்று மேல்நாட்டு வைத்திய நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன.

அங்குள்ள வைத்தியர்கள், தம் நாட்டிலேயே களையாய் முளைத்துக் கிடந்த மற்றொரு ஊமத்தை இனத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன் இலையை உலர்த்தி, நன்றாகக் கனன்று எரிவதற்காக வெடியுப்புச் சேர்த்து, சுருட்டாகவும் பொடியாகவும் மருந்துக் கடைகளில் விற்கலானார்கள். மூச்சு முட்டும் நள்ளிரவில் நோயாளி எழுந்து உட்கார்ந்து, சிறிது பொடியை ஒரு தட்டில் குவித்துக் கொளுத்தி, அதன்மேல் குனிந்து புகையை உள்ளிழுக்கும் காட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வீடுகளில் சர்வசாதாரணமாயிற்று. சிறுவயது முதலே ஆஸ்துமாவால் வருந்திய பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தும் இத்தகைய சுருட்டுகளையும் பொடிகளையும் நம்பி வாழ்ந்தவரே.

இதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. ஊமத்தையிலுள்ள அட்ரோபீன் முதலிய சத்துக்கள், மூச்சுக் குழலைச் சுற்றியுள்ள தசையை இறுகச் செய்யும் நரம்பின் கட்டளையைத் தடுத்துவிடுவதால் குழல் விரிகிறது. ஆயினும் ஒவ்வோர் இலையிலும் அந்தச் சத்து ஒரே அளவாக இருப்பதில்லை. சற்று மிஞ்சினால் வாய் வறண்டு, பார்வை மங்கி, சித்தமும் கலங்கிவிடும். போதாக்குறைக்கு, புகை என்பதே இந்நோயைத் தூண்டிவிடும் காரணங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று! இறுகிய தசையைத் தளர்த்துவதற்காக, உறுத்தும் பொருளையே நெஞ்சுக்குள் இழுத்த விந்தையை நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இழுப்பைத் தணிப்பது எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்த ஆதரவு, அதை எழுப்புவது எது என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். இத்தனைக்கும், தாமே ஆஸ்துமா நோயாளியான ஜான் ஃபிளாயர் 1698-லேயே இந்நோயைப் பற்றித் தனி நூல் எழுதியிருந்தார். அதே நோயால் அவதியுற்ற ஹென்றி ஹைட் சால்டர் 1860-இல் வெளியிட்ட நூலில், பூனையின் அருகே சென்றாலே சிலருக்கு மூச்சு இரைப்பதை எடுத்துக் காட்டினார். மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற வைத்தியரோ, பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றாடியில் கட்டி வானத்தில் பறக்கவிட்டு, ஆயிரம் அடிக்கு மேலும் புல்லின் மகரந்தம் மிதப்பதைக் கண்டு, தமக்கு வருஷந்தோறும் வந்த மூக்கொழுகலுக்கு அதுவே காரணம் என்பதை 1873-இல் நிரூபித்தார். வீட்டுத் தூசியின் ரகசியம் வெளிப்படுவதற்கோ 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலையணையிலும் மெத்தையிலும் குடியிருந்து, நம் உடலிலிருந்து உதிரும் தோலைத் தின்று வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணியே அங்கே குற்றவாளி என்று ஹாலந்து தேசத்து லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் கூறினார்கள். அதன் கழிவு மூச்சில் கலப்பதுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது.

1956-இல் அளவாக மருந்தைப் பீச்சும் இன்ஹேலர் வந்த பிறகு, சுருட்டும் பொடியும் படிப்படியாக மறைந்தன. ஆனால் ஊமத்தையின் வம்சம் அற்றுப்போகவில்லை. அட்ரோபீனைத் திருத்தியமைத்துச் செய்த இப்ரட்ரோபியம் இன்றும் ஆஸ்பத்திரிகளில் மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கப்படுகிறது.

ஆகவே, வீட்டில் இழுப்புள்ள குழந்தை இருந்தால், தலையணை உறையையும் விரிப்பையும் வாரந்தோறும் நல்ல வெந்நீரில் அலசிப் போடுங்கள். தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி போடும் ஆசையையும், கொசுவர்த்திச் சுருளையும் அந்த அறைக்கு வெளியே நிறுத்துங்கள். வைத்தியர் தினந்தோறும் இழுக்கச் சொன்ன மருந்தை, மூச்சு சீராகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேலியோரத்து ஊமத்தையை மட்டும் பழைய வழக்கம் என்று எண்ணி யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம், அது விஷம்.