ஏழு ஆட்டத்தில் இரண்டு வெற்றி

ஐ.பி.எல். லீக் சுற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். ஏழு முடிந்தால் பாதிப் பருவம் போய்விட்டது என்று பொருள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2010, 2020, 2022, 2025 ஆகிய நான்கு பருவங்களில் இந்தப் பாதிவழியில் ஒரே கணக்கில் நின்றது: இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. நான்கில் ஒருமுறைதான் கோப்பை கிடைத்தது. ஆனால் அந்த ஒரு முறையை நம்பித்தான் மற்ற மூன்று முறையும் ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள்.

பருவம் பங்குனியில் தொடங்கி வைகாசியில் முடிவதால், பாதிவழி பெரும்பாலும் சித்திரையில் வரும். திருவண்ணாமலையில் சித்திரை என்றால் அருணாசலேஸ்வரர் கோயில் வசந்த உற்சவம். கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடியாகக் கூட்டம் கூடும் சித்ரா பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க இரவெல்லாம் நடக்கும் கால்கள். ஊர் தூங்காத அதே நாட்களில்தான் அணியின் தலையெழுத்தும் முடிவாகும்.

2008க்கு முன் இந்த ஊர் ரசிகருக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது தமிழ்நாடு ரஞ்சி அணி. 1954-55இலும் 1987-88இலும் கோப்பை வென்ற அணி அது. ஆனால் அதன் ஆட்டங்கள் பெரும்பாலும் மறுநாள் நாளிதழில் சில வரிகளாகவே வந்து சேர்ந்தன. 2008 ஏப்ரல் 19 அன்று மொகாலியில் சென்னை தன் முதல் ஐ.பி.எல். ஆட்டத்தை ஆடி 240 ரன் குவித்தது. அது சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாள். முதல் நான்கு ஆட்டங்களும் வெற்றி. ஹைடனும் ஹஸ்ஸியும் ஆஸ்திரேலிய அணிக்காகக் கிளம்பியதும் அடுத்த மூன்றும் தோல்வி. ஏழு முடிவில் நான்குக்கு மூன்று. மே 10 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக லட்சுமிபதி பாலாஜி எடுத்த ஹாட்ரிக், ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக். இறுதிப் போட்டி வரை போன அணி, ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்றது.

2010தான் எல்லாவற்றையும் மாற்றிய பருவம். அணித் தலைவர் தோனி கையில் அடிபட்டு மூன்று ஆட்டங்களில் வெளியே இருக்க, ரெய்னா தலைமை தாங்கினார். சேப்பாக்கத்தில் பஞ்சாபுடன் எளிதாக முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் சமனாகி, சூப்பர் ஓவரில் கைவிட்டுப் போனது. அதைத் தொடர்ந்து பெங்களூர், மும்பை, ராஜஸ்தான் அணிகளிடம் தோல்வி. மார்ச் 28 அன்று ஏழாவது ஆட்டம் முடிந்தபோது மீதமிருந்த ஏழில் ஐந்தையாவது வென்றாக வேண்டிய நிலை. ஏப்ரல் 3 அன்று முரளி விஜய் ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்தில் 127 அடித்தார், அணி 246. நம்பிக்கை திரும்பியது. ஆனால் இடையே ஐதராபாத்திடமும் டெல்லியிடமும் சறுக்கியதால், ஏப்ரல் 18 அன்று தர்மசாலாவில் நடந்த கடைசி லீக் ஆட்டம் வாழ்வா சாவா என்றானது. பஞ்சாப் 192. கடைசி ஓவரில் 16 ரன் தேவை, பந்துவீச்சு இர்ஃபான் பதான். தோனி முதலில் ஒரு நான்கு, பிறகு இரண்டு, அதன்பின் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர். இரண்டு பந்து மிச்சம். எப்போதும் முகத்தில் எதையும் காட்டாதவர், அன்று தன் ஹெல்மெட்டில் தானே குத்திக்கொண்டார். சென்னை ரசிகர்களின் நினைவில் கோப்பை வாங்கிய காட்சிகளுக்குச் சமமாக அந்தக் குத்து இருக்கிறது. அதற்கு மேலே வைப்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஏப்ரல் 25 அன்று மும்பையை 22 ரன்னில் வென்று அணி முதல் கோப்பையைத் தொட்டது.

அந்தப் பருவத்தில் நான்கு அணிகள் 14 புள்ளியில் நின்றன. அரையிறுதியில் மிச்சமிருந்தது இரண்டு இடம். சென்னையைக் கரையேற்றியது நிகர ரன் ரேட். ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது அது. அணி முன்கூட்டியே ஆட்டமிழந்தாலும் முழு 20 ஓவரும் கணக்கில் ஏறும். டீக்கடை பெஞ்சில் கிடக்கும் நாளிதழின் புள்ளிப் பட்டியலில், வெற்றி, தோல்வி, புள்ளி என்ற பத்திகளைத் தாண்டிக் கடைசிப் பத்தியை விரலால் தேடும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. யார் யாரிடம் தோற்றால் நமக்கு இடம் கிடைக்கும் என்ற கணக்கு, ஏழாவது ஆட்டத்திலேயே தொடங்கிவிடும்.

பாதிவழியில் கீழே கிடந்து எழுந்து வருவதற்கு உலகில் மூத்த முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் 1914 ஜூலை 4 அன்று பாஸ்டன் பிரேவ்ஸ் அணி தன் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்தது. பருவ முடிவில் அதே அணி முதலிடம் பிடித்து, உலகத் தொடரையும் நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது. அங்கே 150க்கு மேற்பட்ட ஆட்டங்கள். எழுந்து வர அவகாசம் இருந்தது. 14 ஆட்டப் பருவத்தில் அந்த அவகாசம் சில வாரங்கள்தான்.

சேப்பாக்கம் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். இரவு ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகும். பேருந்து பிடித்து ஊர் திரும்ப விடிந்துவிடும். ஆகவே இந்த ஊர் ரசிகருக்கு மைதானம் என்பது பெரும்பாலும் தொலைக்காட்சிதான். 2018இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் வர்ணனை ஒலித்தபோது, அதுவரை மஞ்சள் சட்டையில் பார்த்த பத்ரிநாத்தின் குரலும் வீட்டுக்குள் வந்தது. அந்த ஆண்டு காவிரிப் போராட்டத்தால் சொந்த மண் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. பிறகு கொரோனா. 2019 மே மாதத்துக்குப் பின் 2023 ஏப்ரல் 3 வரை சேப்பாக்கத்தில் சென்னைக்கு ஐ.பி.எல். ஆட்டமே இல்லை. அந்த ஆண்டுகளில் மயிலாப்பூர்க்காரருக்கும் திருவண்ணாமலைக்காரருக்கும் அணி ஒரே தூரத்தில் இருந்தது.

2020இல் கிரிவலத்துக்கே தடை. போட்டி அமீரகத்தில், செப்டம்பரில். மீண்டும் ஏழில் இரண்டு. இம்முறை தர்மசாலா வரவில்லை. ஷார்ஜாவில் மும்பையிடம் பத்து விக்கெட்டில் தோற்றபின், கடைசி மூன்று ஆட்டங்களில் ருதுராஜ் கெய்க்வாட் தொடர்ந்து அரைசதம் அடிக்க மூன்றும் வெற்றி. இருந்தும் ஏழாம் இடம். ஆடிய பருவங்களில் முதன்முறையாகப் பிளே ஆஃப் கிடைக்கவில்லை. அந்த அக்டோபரில்தான் கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு ரசிகர் வீடு முழுவதும் மஞ்சள் பூசினார். தோற்கும் பருவத்தில் பூசியதுதான் அதன் பெருமை.

2021இல் ஏழில் ஐந்து வென்ற நிலையில் தொற்றால் போட்டி நின்றது. நான்கரை மாதம் கழித்து அமீரகத்தில் தொடர்ந்து, விஜயதசமியன்று நான்காவது கோப்பை. 2022இல் தொடக்கத்துக்கு இரண்டு நாள் முன் தலைமை ஜடேஜாவிடம் போனது. முதல் நான்கும் தோல்வி. எட்டு ஆட்டத்துக்குப் பின் பொறுப்பு தோனியிடமே திரும்பியது. முடிவு ஒன்பதாம் இடம். அந்தச் சுமையைச் சுமந்த அதே ஜடேஜா, 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்து ஐந்தாவது கோப்பையைத் தந்தார்.

2024 மே 18 அன்று 2010இன் கணக்கு தலைகீழானது. மீண்டும் நான்கு அணிகள் 14 புள்ளியில், இடம் ஒன்று. பெங்களூருவிடம் தோற்றாலும் 201 எடுத்திருந்தால் போதும். எடுத்தது 191. முதல் எட்டில் ஒன்றே வென்றிருந்த பெங்களூரு, தொடர்ந்து ஆறு வென்று உள்ளே போனது.

2025இல் கெய்க்வாட் முழங்கை முறிந்து விலகினார். ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 103 ரன். தொடர்ச்சியாக ஐந்தாவது தோல்வி. சித்திரை முதல் நாளில் லக்னோவை வென்றபோது, ஏழில் இரண்டு. 43 வயது தோனி ஆட்ட நாயகன். ரசிகர்கள் மறுபடி 2010ஐ எடுத்துப் பேசினார்கள். ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்றதும் வாய்ப்பு முடிந்தது. எல்லைப் பதற்றத்தால் மே 9 அன்று போட்டி நிறுத்தப்பட்டு 17இல் தொடர்ந்தது. சித்ரா பௌர்ணமி அந்த இடைவெளியில் வந்தது.

பருவத்தின் நடுவில் மாற்று வீரர்களாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் மூவரும் இறுதி வாரங்களில் அணியின் ஆட்டத்தையே வேகப்படுத்தினார்கள். மே 25 அன்று அகமதாபாத்தில் குஜராத்தை 83 ரன்னில் வென்று, வரலாற்றில் முதன்முறையாகப் பத்தாம் இடத்தில் சென்னை பருவத்தை முடித்தது. அந்த மூவரையும் அடுத்த பருவத்துக்கு அணி தக்கவைத்துக்கொண்டது.