‘பொது இடம்’: வருவோரும் பணிபுரிவோரும்

புகைத் தடையை நிறைவேற்றுவது காவலரின் பணி என்றே பொதுவாகக் கருதுகிறோம். ஆனால் இந்தியாவில் அத்தடையின் எல்லையை வகுத்தது ‘பொது இடம்’ என்னும் தொடருக்கு அவ்வப்போது தரப்பட்ட பொருளே.

1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தனிச் சட்டமொன்றுக்குக் காத்திராமல், 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தை எடுத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தாருக்கும் வழிப்போக்கருக்கும் கேடாகும்படி காற்றைக் கெடுப்பதைக் குற்றமாக்கும் 278ஆம் பிரிவு அதில் இருந்தது. பொது இடத்தில் புகைப்பது அக்குற்றத்துள் அடங்கும் என்றும், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமைக்கு முரணானது என்றும் நீதிமன்றம் கூறியது.

2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரங்கம், பொது அலுவலகம், பொதுப் போக்குவரத்து என நீண்ட அப்பட்டியலில் தனியார் பணியிடம் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் உணவகத்தைச் சேர்த்தது, திறந்தவெளியை விலக்கியது. பொது இடம் என்பது அதற்கும் பொதுமக்கள் வந்துபோகும் இடமே.

2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளில்தான் பணியிடம் பெயர் சுட்டப்பட்டது. பேருந்து நிறுத்தமும் ரயில் நிலையமும் திறந்தவெளி ஆகா என்றும் அவ்விதிகள் வரையறுத்தன. அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆசிரியர், நூலகர், ரயில் நிலைய அதிகாரி முதலியோருக்கும் கிடைத்தது. அதன் உச்சவரம்பு 200 ரூபாய்.

அதே விதிகள் 30 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்களுக்குத் தனிப் புகையறை வைத்துக்கொள்ள இசைவளித்தன. ஆக, பேருந்து நிறுத்தத்தில் பீடி பற்றவைத்தவர் குற்றவாளி. புகையறையில் சிகரெட் பற்றவைத்தவர் வாடிக்கையாளர். அங்கே பரிமாறச் செல்பவருக்கு அந்த அறையே பணியிடம். புகையறையில் எவ்விதச் சேவையும் கூடாது என்ற திருத்தம் 2017இல்தான் வந்தது.

‘பொது’ என்பதற்குள் வந்துபோவோர் முதலில் இடம்பெற்றனர். நாள் முழுதும் அங்கேயே இருப்போர் பின்னரே. இக்காலவரிசையின் சுவடு நடைமுறையிலும் தெரிகிறது. தடையைக் காக்கும் பொறுப்பும் முறையீட்டைப் பெறுபவரை அறிவிக்கும் கடமையும் உரிமையாளர், மேலாளர் போன்ற பொறுப்பாளரையே சாரும். புகைப்பவர் மேலாளராகவே இருப்பின், பணியாளர் யாரிடம் முறையிடுவார்? பணியிடத் தடையின் செயலாக்கத்தை ஆராய்வோர் அபராதக் கணக்கோடு இக்கேள்வியையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.