விரல் நுனி படித்த எழுத்து



கல்விக் கருவி என்றவுடன் இன்று உங்களுக்குக் கணிப்பொறியும் ஒளித்திரையும் நினைவுக்கு வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலேயே காலம் கழித்த எனக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்தான் முதலில் தோன்றுகின்றன. பழையவையாயினும் புதியவையாயினும் இவை யாவும் கண்ணுள்ளவருக்கென்று கண்ணுள்ளவர் செய்தவை. கண்ணொளி இல்லாத ஒரு மாணவன் வகுப்பிலே வந்து அமர்ந்தால் அவனுக்குரிய கருவி எது? அது நல்ல கருவியா என்பதைத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? இந்த இரண்டாவது கேள்வி பிரான்சு நாட்டில் ஒரு பள்ளியையே இரண்டுபடுத்தியது. அமெரிக்காவில் அரை நூற்றாண்டுப் பூசலாக வளர்ந்தது. நம் தமிழ் எழுத்தையும் வந்து தொட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1771ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துச் சந்தை ஒன்றில், உணவு விடுதிக்காரன் ஒருவன் கூட்டம் சேர்க்க ஒரு வழி கண்டான். பார்வையற்றோர் சிலருக்கு நீண்ட அங்கியும் கோமாளித் தொப்பியும் அணிவித்தான். அட்டையாற் செய்த பெரிய மூக்குக்கண்ணாடிகளை அவர்களுக்கு மாட்டினான். கையில் இசைக்கருவிகளைக் கொடுத்து, எதிரே இசைத்தாள்களையும் விரித்து வைத்து, மேடையில் அமர்த்தினான். கண்டோர் கைகொட்டிச் சிரித்தனர். அக்கூட்டத்தில் சிரிக்க மனம் வராத ஒருவர் இருந்தார். மொழிகள் பல கற்ற மொழிபெயர்ப்பாளரான வாலண்டைன் ஹவுய் என்பவர் அவர். இவர்களைப் படிக்க வைத்துக் காட்டுவேன் என்று அவர் உறுதி பூண்டார். அந்த உறுதி செயலாவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

1784இல் மாதா கோயில் வாயிலில் இரந்து நின்ற பிரான்சுவா லெசூர் என்னும் இளைஞனை அவர் தம் முதல் மாணவனாக ஏற்றுக்கொண்டார். படிக்க வந்தால் அன்றாடப் பிச்சை போய்விடுமே என்று தயங்கிய அவனுக்கு, அந்தத் தொகையைத் தாமே கொடுத்தார் என்பர். (பாடசாலைக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்த ஆசிரியர் எவருக்கும் இதன் அருமை தெரியும்.) ஒருநாள் ஆசிரியரின் மேசைமேற் கிடந்த தாள்களைத் தடவிக்கொண்டிருந்த லெசூர், அச்சின் அழுத்தத்தால் ஒரு தாளில் புடைத்து நின்ற எழுத்தை விரலால் உணர்ந்து இன்ன எழுத்தென்று சொன்னானாம். ஈரக் காகிதத்தைப் பெரிய அச்செழுத்துகளின்மேல் அழுத்திப் புடைப்பெழுத்து நூல்களை ஹவுய் உண்டாக்கிய முறைக்கு அதுவே தோற்றுவாய் என்று கூறுவர். முதற் கண்டுபிடிப்பே மாணவனுடைய விரலில் நிகழ்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்றோர் படிக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய பெருமை ஹவுய்க்கு உரியது. ஆயினும் அவருடைய முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. அது கண்ணுக்கென ஏற்பட்ட எழுத்தை அப்படியே தடிப்பாக்கி விரலுக்குக் கொடுத்தது. கண் ஒரு சொல்லை ஒரே நோக்கில் பற்றிக்கொள்கிறது. விரலோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். நூல்களும் பெரியவை, கனமானவை. இவற்றிலும் பெரிய இடர் வேறொன்று. மாணவன் அதைக் கொண்டு படிக்கலாமே தவிர, தானே தடையின்றி எழுத இயலாது. எழுத வராத மாணவனுக்குக் குறிப்பேடு இல்லை, கணக்கு இல்லை, நண்பனுக்கு மடல் இல்லை.

இந்தப் பள்ளிக்கு 1819இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். பாரிசுக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். 1809இல் பிறந்தவன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்றை எடுத்து விளையாடியபோது ஒரு கண்ணில் குத்திக்கொண்டான். அந்தப் புண் மற்றக் கண்ணையும் கெடுத்துவிட்டது. அவன்தான் லூயி பிரெயில்.

1821இல் சார்லஸ் பார்பியே என்பவர் தாம் புனைந்த புள்ளி எழுத்தை இப்பள்ளிக்கு அறிமுகம் செய்தார். இரவில் விளக்கின்றி ஆணைகளைப் படிக்க நெப்போலியனின் படைவீரருக்கென்று அமைக்கப்பட்ட எழுத்து அது என்று நாங்கள் படித்த நூல்கள் கூறும். அண்மைக்கால ஆய்வாளர்கள் இதனை ஐயுறுகின்றனர். வழக்கமான எழுத்தைக் கற்க வாய்ப்பில்லாத எளியோருக்காகவே பார்பியே உழைத்தார் என்பதற்கு அவருடைய எழுத்துகளே சான்று பகர்கின்றன. படைவீரர் கதை சுவையானதுதான். சுவைக்காக வரலாற்றை விட்டுவிட வேண்டியதில்லை.

பார்பியேயின் முறையில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இடம் உண்டு, நெடுக்காக இரண்டு வரிசையில். விரல் நுனிக்குள் அது அடங்காது. மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டும். அது ஒலியைக் குறித்ததே அன்றி எழுத்துக்கூட்டலைக் குறிக்கவில்லை. ஆயினும், கோட்டைவிடப் புள்ளியே விரலுக்கு உகந்தது என்னும் உண்மை அதில் இருந்தது. சிறுவன் பிரெயில் அந்த உண்மையைப் பற்றிக்கொண்டான். பள்ளி முடிந்த வேளைகளிலும் விடுமுறையில் ஊருக்குப் போன நாட்களிலும் தாளில் குத்திக் குத்திப் பார்த்தான். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான்: நிரைக்கு மூன்றாக இரண்டு நிரைகள். விரலை நகர்த்தாமலே ஒரு தொடுகையில் முழுக் குறியும் தெரியும். ஆறு புள்ளிகளில் எவை எழும், எவை எழா என்று மாற்றி மாற்றி வைத்தால் அறுபத்துமூன்று குறிகள் கிடைக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக் குறிக்கும் இசைக்கும் அவை போதும். 1824இல் இந்த அமைப்பு உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து. உங்களுள் பலருடைய வயது. 1829இல் அதை நூலாக வெளியிட்டார். 1837இல் திருத்திய பதிப்பு வந்தது.

இந்த எழுத்தை எழுதும் விதத்தையும் சொல்ல வேண்டும். சிறு கட்டங்கள் உள்ள சட்டத்துக்கு அடியில் தடித்த தாளை வைத்து, முனை மழுங்கிய ஊசியால் புள்ளிகளைக் குத்த வேண்டும். குத்தும்போது பள்ளம் விழும். தாளைத் திருப்பினால்தான் மேடு தெரியும். ஆகவே வலமிருந்து இடமாக, கண்ணாடியிற் காண்பதுபோல் மாற்றி எழுத வேண்டும். என் பெயரை அவ்வாறு எழுதிப் பார்த்தேன். ஐந்தெழுத்துக்குள் கை வலித்தது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் நான் கண்ட பத்து வயதுப் பெண் குழந்தை, ஆசிரியை சொல்லச் சொல்ல ஒரு பக்கத்தைத் தடையின்றிக் குத்தி முடித்தாள்.

1840இல் பாரிஸ் பள்ளிக்குப் புதிய தலைவராக வந்த துஃபோ என்பவர் இந்தப் புள்ளிகளை விலக்கினார். அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அவர் வாதத்தையும் கேட்க வேண்டும். பார்வையற்றோருக்கென்று தனி எழுத்து உண்டானால் அவர்கள் மற்றவரிடமிருந்து மேலும் பிரிந்துபோவார்கள். எல்லாருக்கும் ஒரே எழுத்து இருப்பதே நலம் என்று அவர் எண்ணினார். கேட்பதற்கு நேர்மையான வாதம். ஆனால் அந்த ஒற்றுமைக்கு விலை கொடுத்தவர் யார்? கண்ணுள்ள ஆசிரியர் ஒரு புதிய எழுத்தைக் கற்கும் தொல்லையிலிருந்து தப்பினார். மாணவர் ஆண்டுக்கணக்காக வளைவுகளைத் தடவினர். மாணவர்கள் அதற்கு உடன்படவில்லை. விலக்கப்பட்ட எழுத்தில் மறைவாக எழுதிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டார்கள். துணைத் தலைவராயிருந்த குவாதே என்பவர் இதைக் கண்டு, தலைவரின் மனத்தை மாற்றினார். 1844இல் பள்ளியின் புதிய கட்டிடத் திறப்பு விழாவிலே புள்ளி எழுத்தின் ஆற்றல் பொதுமக்கள் முன்னிலையில் காட்டப்பட்டது.

பிரிந்துபோவார்கள் என்ற அச்சத்துக்குப் பிரெயிலே விடை தேடியிருந்தார். 1839இல், சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் வேறொரு முறையை வெளியிட்டார். பார்வையற்றவர் அதில் எழுதினால் கண்ணுள்ள தாய் தந்தையர் படிக்கலாம். பியேர் ஃபூக்கோ என்னும் பார்வையற்ற நண்பர் இதை விரைந்து எழுத ஓர் இயந்திரமும் செய்து கொடுத்தார். இதற்கும் முன்னதாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியில் துர்ரி என்பவர் பார்வையற்ற சீமாட்டி ஒருவர் மடல் எழுதுவதற்கென்றே ஒரு பொறி அமைத்தார். தட்டச்சுப் பொறியின் மிகப் பழைய மூதாதையருள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அலுவலகமெங்கும் பின்னாளில் ஒலித்த தட்டச்சுக்கு இப்படியொரு குலமுறை உண்டு.

பிரெயில் காசநோயால் 1852இல் மறைந்தார். அவர் எழுத்தை அப்பள்ளி முறைப்படி ஏற்றது 1854இல். 1952இல் அவருடைய உடல் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது. கைகளை மட்டும் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு வகையானது. அங்கே பற்றாக்குறை இல்லை, மிகுதியே தொல்லையாயிற்று. ஒரு நிறுவனம் நியூயார்க்குப் புள்ளி என்றது. மற்றொன்று அமெரிக்கப் பிரெயில் என்றது. இங்கிலாந்திலிருந்து வந்த நூல்களோ பிரெயிலின் மூல வரிசையைத் தழுவியவை. ஒவ்வொரு முறைக்கும் அறிஞர் துணை, அச்சகம், மானம் எல்லாம் இருந்தன. ஒரே நூலை மூன்று எழுத்தில் அச்சிட்டார்கள். மாணவர் கையில் நூல்கள் மூன்றில் ஒரு பங்காயின.

இதன் கொடுமையை ஹெலன் கெல்லர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1899இல் ராட்கிளிஃப் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவர் ஆயத்தமானார். தேர்வுக்கு இரண்டு நாட்களே இருந்தபோது பழைய இயற்கணித வினாத்தாள் ஒன்றின் படி அவருக்கு வந்தது. அது அமெரிக்கப் பிரெயிலின் கணக்குக் குறிகளில் இருந்தது. அவர் கற்றிருந்ததோ ஆங்கிலேய முறைக் குறிகள். அவசரமாகப் புதிய குறிகளை மனனம் செய்து தேர்வுக்குப் போனார். கணக்குத் தெரிந்தும் குறி தெரியாமல் தடுமாறித் தடுமாறி எழுதினார். தேறிவிட்டார் என்பது அவருடைய ஆற்றல். அவரளவு ஆற்றலும் துணையும் இல்லாத எத்தனை பிள்ளைகள் அத்தகைய தாள்களின் முன் வாய்மூடி அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணும்போது, தேர்வு மேற்பார்வையாளனாய்ப் பல்லாண்டு நடந்த என் கால்கள் கூசுகின்றன. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே ஆங்கிலப் பிரெயிலுக்கு இணங்கியது 1932இல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1887இல் அமிர்தசரசிலும், அந்நூற்றாண்டின் இறுதியில் நம் பாளையங்கோட்டையிலும் கிறித்தவத் தொண்டர்கள் பார்வையற்றோருக்குக் கல்வி தொடங்கினார்கள். பாளையங்கோட்டையில் அப்பணியைத் தொடங்கியவர் அஸ்க்வித் அம்மையார். ஆனால் மொழிகள் பலவாக இருந்த இந்நாட்டில், பிரெயில் முறைகளும் ஆளுக்கொன்றாய்ப் பல தோன்றிவிட்டன. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியை நாடியது. முதல் உலகப் போரில் கலிப்போலிக் களத்தில் பார்வை இழந்த நியூசிலாந்து நாட்டவர் சர் குளூத்தா மெக்கன்சி இப்பணியில் முன்னின்றார். 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொது அமைப்பு ஏற்கப்பட்டது.

ஓர் ஒலிக்கு எம்மொழியிலும் ஒரே குறி என்பது அதன் அடிப்படை. இயன்றவரை உலக வழக்கோடும் அது ஒத்துப் போகிறது. தமிழ்க் ககரத்துக்கும் ஆங்கிலக் ‘கே’ எழுத்துக்கும் ஒரே இரு புள்ளிகள்; மகரத்துக்கும் ‘எம்’ எழுத்துக்கும் ஒரே மூன்று புள்ளிகள். தமிழ் கற்ற விரலுக்கு ஆங்கிலம் முற்றிலும் அயலானதன்று.

இலக்கணம் படிக்கும் மாணவர்கள் இதில் வேறொரு நயத்தையும் காணலாம். நாம் ‘கொ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பை முன்னே போட்டு, ககரத்தை நடுவே வைத்து, காலைப் பின்னே நிறுத்துகிறோம். தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் இதில் இடறி விழுவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பிரெயிலில் அந்தச் சுற்று இல்லை: ககரக் குறி, அடுத்து ஒகரக் குறி, அவ்வளவே. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று நன்னூலில் படிக்கிறோம் அல்லவா? அந்த வரிசை நம் அச்சில் மறைந்து கிடக்கிறது. விரலுக்கோ வெளிப்படையாகத் தெரிகிறது. இருநூற்று நாற்பத்தேழு வடிவங்களைத் தனித்தனியே கற்க வேண்டிய சுமையும் இல்லை.

இப்போது கணிப்பொறியும் இக்கதையில் சேர்ந்துவிட்டது. திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள் உள்ளன. சிறு ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் பிரெயில் வரியை விரலடியில் மாற்றிக் காட்டும் பலகைகளும் உள்ளன. அவற்றின் விலைதான் ஏழை மாணவருக்கு எட்டாதது. அச்சிட்ட நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013இல் மராக்கேசு நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. 2014இல் அதை முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா.

அமெரிக்கப் புள்ளிப் பூசலை நாமும் ஒருமுறை நடத்திப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணிப்பொறியில் தமிழ் வந்த காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டது. திரையில் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பதோ வேறு எழுத்தின் எண். கண்ணுள்ளவர் எழுத்துருவை மாற்றிக்கொண்டு படித்துவிடலாம். உரக்கப் படிக்கும் மென்பொருளோ உள்ளே உள்ளதைத்தானே படிக்கும்? திருக்குறளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் உளறும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் தட்டெழுதிய வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும், பக்கங்களைப் படமாகப் பிடித்து வைத்த நூல்களும், பள்ளிக் கணிப்பொறிகளில் இன்னும் கிடக்கின்றன. உங்கள் பள்ளியில் உள்ளவற்றுள் ஒன்றைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, கணிப்பொறியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.