செப்புத்தகட்டில் எழுந்த முகங்கள்: றெம்பிரான்டின் அமில அரிப்பு அச்சுக்கலை

சுருவில் என்னும் ஊர் அமைந்துள்ள வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய லைடன் என்னும் பெயர், 1606 ஆம் ஆண்டில் ஓவியர் றெம்பிரான்ட் பிறந்த நகரின் பெயராகும். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான 1658 ஆம் ஆண்டிலேயே, கடனில் நொடித்துப்போன அவ்வோவியரின் அம்ஸ்டர்டாம் வீடும் ஏலத்தில் விலைபோயிற்று. ஆயினும் முகச்சித்திர அச்சில் அவர் எட்டிய உயரத்தைப் பின்வந்தோர் எவரும் தாண்டினர் எனக் கூறுதல் அரிது.

எட்சிங் எனப்படும் அமில அரிப்பு முறையில், மெருகிட்ட செப்புத்தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சு மெல்லியதாகப் பரப்பப்பட்டு, அதன்மேல் ஊசியால் சித்திரம் கீறப்படுகிறது. பின்னர் தகட்டை அமிலத்தில் இடும்போது, பூச்சு நீங்கிய கோடுகளில் மாத்திரம் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகிறது. அப்பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அழுத்தியில் செலுத்தினால் சித்திரம் தாளில் பதியும். எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரி தேய்த்து எழுத்தைத் துலக்கிய நம் முன்னோரின் முறையும் இத்தகையதே; எனினும் ஓலையில் கை செய்த வேலையை இங்கு அமிலம் செய்கிறது. கூருளியால் செம்பை நேரே செதுக்கும் பழைய முறையில் கைவலிமை முழுவதும் உலோகத்தை வெல்வதிலேயே செலவாகும். பூச்சின்மீதோ ஊசி தடையின்றி ஓடுவதால், கண்ணிமையின் சோர்வும் உதட்டோரத்தின் தயக்கமும் வரைந்த வேகத்திலேயே கோடாகின்றன. இடையிடையே தகட்டை வெளியே எடுத்துச் சில கோடுகளை மட்டும் மூடிவிட்டு மீண்டும் அமிலத்தில் இடுவதால், மூடிய கோடு மெலிந்தும் திறந்த கோடு ஆழ்ந்தும் அமைய, நிழலின் படிகள் உருவாகின்றன.

1647 இல் றெம்பிரான்ட் ஆக்கிய ஜான் சிக்ஸ் என்பவரின் சித்திரத்தில், சாளரத்தில் சாய்ந்து வாசிப்பவரைச் சூழ்ந்த அறை முழுவதும் நெருங்கிய கோடுகளால் இருண்டிருக்க, கையிலுள்ள தாளில் பட்ட ஒளியே முகத்தைத் துலக்குகிறது. அச்சுப்பட வணிகரான கிளெமென்ட் டி யொங்கேயின் முகம் கீறிய 1651 ஆம் ஆண்டுத் தகட்டை றெம்பிரான்ட் பலமுறை திருத்தி அச்சிட்டமையால், ஒரே மனிதரின் பார்வை ஒரு படியில் தெளிந்தும் மற்றொரு படியில் கனத்தும் காணப்படுகிறது. முகச்சித்திரம் என்பது ஒரு கணத்தின் பதிவன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறும் என்பதை ஓவியர் முன்னரே எண்ணிப்பார்க்க வேண்டும். 1650 இல் கூம்புச் சங்கொன்றை வரைந்த றெம்பிரான்ட், தம் கையொப்பத்தைத் தகட்டில் இடவலம் மாற்றி எழுதியபோதும் சங்கைக் கண்டவாறே வரைந்துவிட்டமையால், அச்சில் அதன் புரி எதிர்த்திசையில் சுழல்கிறது. வலம்புரியின் அருமை அறிந்த தீவகத்தார் இதனை முதற்பார்வையிலேயே கண்டுகொள்வர். தம் முகத்தை அவர் கண்ணாடி பார்த்துத் தகட்டில் வரைந்த சித்திரங்களிலோ, கண்ணாடி மாற்றிய இடவலத்தை அச்சு மீண்டும் மாற்றிவிடுவதால், அயலார் அவரை நேரில் கண்ட முகமே தாளில் பதிந்துள்ளது.