பெற்றவரே தூக்கிக்கொண்டு போனால்...

வங்கி உத்தியோகத்தில் நாலு மாநிலம் பார்த்தாச்சு. போகிற ஊரிலெல்லாம் டி.சி.யும் கையுமாகப் பையனைப் புதுப் பள்ளியில் சேர்ப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அதனாலோ என்னவோ, இந்த வழக்கைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

2002-ல் அமெரிக்காவில் பிறந்த குழந்தை. பெற்றோர் பிரிந்தார்கள். இருவருக்கும் பொறுப்பு உண்டு என்றது நியூயார்க் நீதிமன்றம். 2007 ஜூனில் அம்மா பிள்ளையோடு இந்தியா வந்துவிட்டார். அப்பா உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை. 2009 அக்டோபரில் சி.பி.ஐ. கண்டுபிடித்தது, நம்ம சென்னையில்! அதற்குள் டேராடூன், சென்னை என்று பையன் பள்ளி மாறியிருந்தான். அமெரிக்காவுக்கே அழைத்துப் போகச் சொல்லி நவம்பரில் தீர்ப்பு.

இப்படிப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்ப 1980-லேயே ஹேக் உடன்படிக்கை வந்தது. 2009-ல் சட்ட ஆணையம் சொல்லியும் இந்தியா சேரவில்லை. அடி உதைக்குப் பயந்து ஓடிவரும் அம்மாக்கள் கதி என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2017-ல் உச்சநீதிமன்றமும், வெளிநாட்டு உத்தரவைவிடக் குழந்தையின் நலனே பெரிது என்றது.

சரி. ஆனால் ஏழு வயசுப் பையனுக்கு இரண்டு வருஷம் என்பது ஆயுளில் கால்வாசிக்கு மேல். தினமும் கணக்கை நேர் செய்கிறவன் நான்... இந்தப் பற்றை யார் பெயரில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.