கடல்நீர் மீன்தொட்டியின் மணற்படுகை

கடல்நீர் மீன்தொட்டியின் மணற்படுகை என்பது கடல்வாழ் உயிரினங்களை வளர்க்கும் தொட்டியின் அடியில் பரப்பப்படும் மணல் அடுக்கு ஆகும். இது தொட்டிக்கு இயற்கையான தோற்றத்தைத் தருவதுடன், கழிவுகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு உறைவிடமாகவும் அமைகிறது. இதன் ஆழம் பொதுவாக 2 செ.மீ. முதல் 15 செ.மீ. வரை வேறுபடும். ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய தொட்டிகளில் இவ்வாழத்தைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் தேவை. படுகையிலிருந்து நச்சு வெளிப்பட்டால், அதனை நீர்க்கச் செய்யும் அளவு நீர் அத்தொட்டிகளில் இருப்பதில்லை.

ஆழமும் வேதியியலும்

மீன்களின் கழிவிலிருந்தும் உண்ணப்படாத உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. ஆக்சிசன் உள்ள மேல்மணலில் வாழும் பாக்டீரியாக்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதற்கு ஆழமான மணல் தேவையில்லை. கீழே செல்லச் செல்ல ஆக்சிசன் குறைகிறது. ஆக்சிசன் அற்ற பகுதியில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக மாற்ற, அது நீரிலிருந்து வெளியேறி விடுகிறது. ஆழமான படுகையை அமைப்போர் எதிர்பார்க்கும் பயன் இதுவே.

நைட்ரேட்டும் தீர்ந்துபோன அடிப்பகுதியில் சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைடை உண்டாக்குகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு இருப்பதால், இச்சிக்கல் நன்னீர்த் தொட்டிகளை விட இங்கு மிகுதி. கண்ணாடி வழியாகத் தெரியும் கருமையான திட்டுகள் இரும்பு சல்பைடால் ஏற்படுபவை. படுகை கலையாத வரை, மேலெழும் சல்பைடு ஆக்சிசனுள்ள மணலைக் கடக்கும்போதே பெரும்பாலும் ஆக்சிசனேற்றம் அடைந்து விடும். பழைய ஆழமான படுகையை ஒரேயடியாகக் கிளறினால், நச்சு வெளிப்படுவதோடு நீரிலுள்ள ஆக்சிசனும் விரைந்து குறைந்து உயிரினங்கள் இறக்கலாம்.

வரலாறு

படுகையின் அடியில் வெற்று நீர்வெளி ஒன்றை விட்டு, துளையுள்ள தட்டின் மேல் மணலைப் பரப்பும் முறையை 1980களில் ஜான் ஜோபேர் மொனாக்கோவில் பரவலாக அறியச் செய்தார். பின்னர் அமெரிக்க விலங்கியலாளர் ரொனால்டு சிமெக், நீர்வெளி இன்றி 10 செ.மீ.க்கு மேற்பட்ட நுண்மணலையும் அதில் வாழும் புழுக்களையும் வலியுறுத்தினார். இராபர்ட்டு தூனனும் கிறித்தோபர் வீயும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அடியில் நீர்வெளி இருப்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

சிறிய தொட்டியில் ஆழம்

45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியில் 12 செ.மீ. ஆழத்திற்கு மணல் இட்டால், மணல் 16 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதில் ஏறக்குறைய பாதி மணல்துகள்களுக்கு இடைப்பட்ட நீர் எனக் கொண்டாலும், 8 லிட்டர் நீர் குறைகிறது. மணலின் எடையும் 20 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். நீந்தும் உயரம் 18 செ.மீ.க்கும் கீழாகி விடும். 3 செ.மீ. படுகைக்கோ 4 லிட்டர், அதாவது ஏறத்தாழ 6 கிலோகிராம் மணலே போதும்.

மேலும், ஆழமான படுகை நெடுங்காலம் இயங்கப் புழுக்களும் சிறு ஓடுடைய உயிரினங்களும் மணலைத் தொடர்ந்து கிளறவேண்டும். சிறிய பரப்பில் இவை நிலைப்பது கடினம். மீன்களும் இவற்றை உண்டு விடுகின்றன. மணலைச் சலிப்பதற்கென விற்கப்படும் நட்சத்திர மீன் இவ்வுயிரினங்களைத் தின்று தீர்த்துப் பின் தானும் பட்டினியால் இறப்பது வழக்கம். எனவே சிறிய தொட்டிகளுக்கு 2 முதல் 3 செ.மீ. ஆழமே ஏற்றது. சேரும் நைட்ரேட்டை வாரந்தோறும் 10 முதல் 20 விழுக்காடு நீரை மாற்றி எளிதில் குறைக்கலாம். அவ்வேளையில் குழாயால் மணலின் ஒரு பகுதியையும் தூய்மை செய்யலாம். நுண்துளைகள் நிறைந்த பாறைகளின் உட்பகுதியிலும் நைட்ரேட்டு ஓரளவு நீங்குகிறது.

வளை தோண்டி வாழும் தாடைமீன்கள் இதற்கு விதிவிலக்கு. இவற்றுக்கு ஆழமான மணலும் அதில் கலந்த ஓட்டுத் துண்டுகளும் தேவை. இரவில் மணலுள் புதையும் சில மீன்களுக்கு 5 செ.மீ. அளவாவது வேண்டும்.

மணலின் தன்மை

கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட்டு மணல் பெரிதும் விரும்பப்படுகிறது. இது நீரின் காரத்தன்மையைத் தானே காக்கும் என்பது மிகைப்பட்ட கூற்று. வழக்கமான கடல்நீரில் இது கரைவதில்லை. மிக நுண்ணிய மணல் சிறிய தொட்டியின் நீரோட்டத்தில் குவியலாக ஒதுங்கும். பருமணலின் இடுக்குகளில் கழிவு தேங்கும். சுமார் 1 மி.மீ. பருமன் இடைப்பட்ட தெரிவு. பவளத் துண்டுகளைக் கடற்கரையில் சேகரித்து இடுவது இந்தியாவில் குற்றமாகும். பவளப்பாறைகளை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன.

பழைய ஆழமான படுகையைக் குறைக்க விரும்பினால், மீன்களை வேறு கலத்திற்கு மாற்றிய பின்னரோ, நீர் மாற்றும் போதெல்லாம் சிறு பகுதியாகவோ மணலைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.