தோட்டத் திடலிலிருந்து கல்லூரி ஒப்பந்தம் வரை: மலேசியத் தமிழ் விளையாட்டாளரின் தெரிவும் வருமானமும்

முன்னுரை

2025 ஜூன் 6ஆம் நாள் அமெரிக்கக் கூட்டரசு நீதிபதி கிளாடியா வில்கன் ஓர் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். கல்லூரிக்காக விளையாடும் மாணவருக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்க அது வழிவிட்டது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி இதற்காக ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை செலவிடலாம். 2016 முதல் விளையாடிய மாணவர்களுக்குப் பழைய பாக்கியாக ஏறத்தாழ 280 கோடி டாலர் பிரித்துக் கொடுக்கப்படும். 'மாணவன் விளையாடுவான், சம்பளம் கேட்கக் கூடாது' என்ற நூறாண்டுக் கொள்கை அன்றோடு முடிந்தது.

ஜொகூரின் சிகாமட்டில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இந்தச் செய்தியில் என்ன இருக்கிறது? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. மலேசியாவில் விளையாட்டுத் திறமையைத் தேடிப் பிடித்தவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதை 1921 முதல் இன்று வரை கால வரிசையில் பார்க்கிறது. பார்ப்பவன் நிர்வாகியோ பயிற்றுநரோ அல்லன். டிக்கெட் வாங்கி அரங்கில் உட்காரும் ரசிகன். காலந்தோறும் தமிழ் விளையாட்டாளரின் வருமானத்தை அவருடைய திறமை மட்டும் முடிவு செய்யவில்லை. எந்த நிறுவனத்தின் வாசல் அவருக்குத் திறந்தது என்பதே பெரிதும் முடிவு செய்தது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

வேலையே கூலியாக இருந்த காலம் (1921–1988)

1921இல் 'எச்.எம்.எஸ். மலாயா' போர்க்கப்பலின் பெயரால் தொடங்கிய கிண்ணப் போட்டியே இன்றைய மலேசியக் கிண்ணம். அது தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், சட்டப்படி, காற்பந்து ஆட்டக்காரர் யாரும் ஆடுவதற்காகச் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் ஆடத் தெரிந்தவருக்கு வேலை கிடைத்தது. போலீஸ், இராணுவம், இரயில்வே, பொதுப்பணி, மின்சார வாரியம், வங்கிகள் எனத் துறைக்கு ஒரு குழு இருந்தது. நல்ல ஆட்டக்காரர் கண்ணில் பட்டால் அவருக்கு அந்தத் துறையில் ஒரு நாற்காலி காத்திருந்தது. அந்த வேலை ஓய்வூதியத்தோடு வந்ததால், அன்றைய கணக்கில் அது சிறிய பரிசு அன்று. போலீஸ் குழுவும் இராணுவக் குழுவும் இன்றும் மலேசிய லீக் வரலாற்றில் நீடிப்பது அந்த ஏற்பாட்டின் எச்சமே.

சிகாமட், லாபிஸ், பத்து அனாம், செஆ, பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் நிலைமை வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பாலைச் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகே தொழிலாளிக்குத் திடல். தோட்டக் குழுவில் ஆடுபவனுக்கு ஆட்ட நாளில் இலகுவான வேலை கிடைக்கலாம். துரையோ கிராணியோ ஒரு ஜோடி காலணி வாங்கித் தரலாம். கூலி என்னவோ பெயர் போட்ட நாளுக்குத்தான். தோட்டத்துக்கு வெளியே ஆள் தேடுபவர் வந்து பார்த்தால் ஒழிய அவன் பெயர் தோட்ட எல்லையைத் தாண்டாது. நகரப் பள்ளியில் படித்த மாணவனுக்கு இருந்த வாசல் அவனுக்கு இல்லை.

அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்களில் தமிழர் பலர். எம். சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தேசியக் காற்பந்துக் குழுவின் தலைவர்; அக்குழு அங்கே அமெரிக்காவை 3–0 என வென்றது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில் இருந்தார். அரசியல் புறக்கணிப்பால் அக்குழு மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் காலமானார். அடுத்த ஆண்டுதான் மலேசியாவில் ஆட்டத்துக்குச் சம்பளம் என்ற ஏற்பாடு முறையாகத் தொடங்கியது. நாட்டின் தலைசிறந்த கோல்காவலரின் ஆட்டக்காலம் முழுவதும் அந்த ஏற்பாட்டுக்கு முன்பே கழிந்துவிட்டது.

தடகளத்தில் கல்வியே வருமானமாக மாறியதற்கு டாக்டர் எம். ஜெகதீசன் சான்று. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. ஓட்டம் அவருக்குப் புகழ் தந்தது; மருத்துவப் பட்டம் வாழ்க்கை தந்தது. அதே பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற எம். ராஜாமணி, நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்வானார். அவர்களுக்கு நாடு விருது கொடுத்தது. ஒப்பந்தம் என்ற ஒன்று அன்றைய விதிகளிலேயே இடம்பெறவில்லை.

சம்பளம் வந்தது, பாதுகாப்பு வரவில்லை (1989–2022)

1989இல் பாதித் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் அது முழுத் தொழில்முறையானது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், அரங்குகள் நிரம்பின. மைக்கேல் உருகாலோவின் பயிற்சியில் 1991இல் ஜொகூர் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றபோது, சிகாமட்டிலிருந்து லார்க்கின் அரங்கம் தொலைவாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் போய் ஆட்டம் பார்த்து, மறுநாள் வேலைக்குத் திரும்பிய தலைமுறை அது.

1994–95இல் ஆட்ட நிர்ணய ஊழல் வெளிவந்தது. 126 பேர் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டனர். ரசிகனின் நம்பிக்கை உடைந்தது, அரங்குகள் வெறிச்சோடின. பேராசையைக் காரணம் காட்டுவது எளிது. தவறு செய்தவர் தண்டனைக்கு உரியவரே. ஆனால் பழைய முறையில் ஆட்டக்காரருக்கு ஓய்வூதியத்தோடு ஒரு வேலை இருந்தது. புதிய முறை அதை எடுத்துக்கொண்டு ஓரிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தது. முப்பது வயதுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. அந்த வெற்றிடத்தில் சூதாட்டக்காரருக்கு இடம் கிடைத்தது என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

இதே காலத்தில் சிகாமட் வட்டாரத்தின் அடித்தளமும் மாறியது. இரப்பர் செம்பனையானது, லயங்கள் காலியாகின, குடும்பங்கள் தாமான்களுக்கும் ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் போயின. வீட்டு வாசலிலேயே திடல் இருந்த வாழ்க்கை போயிற்று. நகரத்தில் திடலுக்கு வாடகை, பயிற்சிக்குக் கட்டணம். திறமை அதே அளவு இருந்தாலும், அதை வளர்க்கும் செலவு முதன்முறையாகப் பெற்றோர் தலையில் விழுந்தது.

ஆனாலும் சாதனைகள் வந்தன. கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா 2009 சீ போட்டியில் தங்கமும் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணமும் வென்றது. 2010 குழுவில் ஆடிய எஸ். குணாளன் பின்னர் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவில் சேர்ந்தார். சம்பளமும் வசதியும் உலகத் தரத்தை நோக்கி நகர்ந்த குழு அது. 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிண்ணத்தை வென்றது. 2014 முதல் சூப்பர் லீக்கைத் தொடர்ந்து தன்வசம் வைத்திருக்கிறது. மறுபுறம், வேறு சில குழுக்களில் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஒரே லீக்கில் இரண்டு உலகங்கள்.

இந்தியச் சமூகம் தனக்கென ஒரு வாசலைக் கட்டிப் பார்த்த முயற்சியும் உண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் வழி வந்த மிஸ்க்-மிஃபா குழு 2018இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகியது. அது நீடித்திருந்தால் எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் ஒப்பந்தம் அங்கேயே கிடைத்திருக்கும். அதன் விலகல் நமக்கு உண்மையான இழப்பு.

பல்கலைக்கழகத்தின் வாசல்

மலேசியப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக மாணவரைத் தேடிப்போகும் வழக்கம் குறைவு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாநில அளவில் ஓடியவருக்கும் அந்தப் பத்துக்குள்தான் இடம். 1996இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், பின்னர் ஜொகூரின் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியும் வந்தபின், பதின்ம வயதிலேயே தெரிவு நடக்கிறது. அந்த வயதில் கண்ணில் படாத பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பு அரிது.

2020இல் யு.ஐ.டி.எம். குழு சூப்பர் லீக்கில் ஆடியது. பல்கலைக்கழகக் குழு ஒன்று நாட்டின் உச்ச லீக்கை எட்டியது அதுவே முதல்முறை. அப்பல்கலைக்கழகத்தின் ஜொகூர் வளாகம் சிகாமட்டிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே இளங்கலைச் சேர்க்கை பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. அதனால் ஊரிலேயே இருக்கும் பல்கலைக்கழகம் ஊர்த் தமிழ் மாணவனின் விளையாட்டுப் பாதையில் வருவதில்லை.

கடல் கடந்த பாதை

இந்த இடத்தில்தான் அமெரிக்கக் கல்லூரிகள் நம் வரலாற்றுக்குள் வருகின்றன. கெடாவின் எஸ். சிவசங்கரி கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே ஸ்குவாஷ் ஆடினார். படிப்பை முடித்தபின் ஹாங்சோ ஆசியப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். ஈப்போவின் ஷெரீன் சாம்சன் வல்லபோய், மினசோட்டாவின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஓடினார். 2023இல், 400 மீட்டரை 52 விநாடிக்குள் ஓடி முடித்த முதல் மலேசியப் பெண்மணி ஆனார்.

இவ்விருவரின் துறைகளையும் கவனிக்க வேண்டும். ஒன்று தரவரிசை உள்ள ஆட்டம். மற்றொன்று விநாடி அளக்கும் ஓட்டம். காற்பந்தில் தெரிவு செய்பவரின் கண் முடிவு செய்கிறது. அந்தக் கண் எந்தத் திடலுக்குப் போகிறதோ அங்கேதான் வாய்ப்பு. மின்னணுக் கடிகாரத்துக்கு இனமும் தெரியாது, ஊரும் தெரியாது. சிகாமட் மாணவி ஒருத்தி அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் ஓடிய நேரத்தை மினசோட்டா பயிற்றுநர் அப்படியே நம்பலாம்.

ஆனால் இந்தப் பாதையின் பணக்கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோர்னெல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் தருவதில்லை. குடும்பத் தேவையைப் பார்த்தே உதவுகின்றன. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் இரண்டாம் பிரிவில் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலும் பகுதி உதவியே கிடைக்கும். 2021 ஜூன் 21இல், விளையாட்டு மாணவர் பெறும் பலன்கள் பற்றிய வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. மாணவர் விசாவில் போகும் மலேசியருக்கு வேலைக் கட்டுப்பாடுகள் இருப்பதால் இந்த வருமானம் எளிதில் எட்டாது. புதிய கோடிகளில் பெரும்பங்கு அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. நம் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது முதன்மையாகக் கல்விக் கட்டணமும் பயிற்சியும் பட்டமுமே. இன்றைய விலைவாசியில் அதுவே பெரும் செல்வம்.

ரசிகனின் கேள்வி

அமெரிக்க ரசிகர்கள் இன்று ஒரு மனக்குறையைச் சொல்கிறார்கள்: ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறுகிறார்கள், பணம் பாசத்தைக் கெடுத்துவிட்டது. இந்தக் குறை நமக்குப் புதிதன்று. மாநிலக் குழுவில் வளர்ந்த நட்சத்திரம் பணக்காரக் குழுவுக்குப் போவதை மலேசிய ரசிகன் முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறான். என் முடிவு இதுதான்: வெளியேறும் ஆட்டக்காரரைக் குறை சொல்ல ரசிகனுக்கு உரிமையில்லை. டிக்கெட்டுக்கும் சட்டைக்கும் ஒளிபரப்புக்கும் நாம் கொடுக்கும் பணம் அவருடைய உழைப்பால் வந்தது. அதில் அவருக்குரிய பங்கு எழுத்தில், தேதியோடு, தவறாமல் வர வேண்டும் என்று கேட்பதே உண்மையான விசுவாசம்.

முடிவுரை

நூறாண்டில் வாசல்கள் மாறின: துறை வேலை, மாநிலக் குழு, தொழில்முறைக் குழு, விளையாட்டுப் பள்ளி, வெளிநாட்டுக் கல்லூரி. கல்வியையும் விளையாட்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள் ஆட்டம் முடிந்த பிறகும் நிமிர்ந்து நின்றார்கள். ஒன்றை விட்டவர்கள் பெரும்பாலும் தடுமாறினார்கள். ஜெகதீசன் முதல் சிவசங்கரி வரை வரலாறு சொல்வது இதையே.

ஆகவே சிகாமட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் ஆலய நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்வது இவ்வளவே. திறமையுள்ள பிள்ளையின் போட்டி நேரங்களையும் முடிவுகளையும் ஆண்டுதோறும் பதிவு செய்து வையுங்கள். எஸ்.பி.எம். தேர்ச்சியையும் ஆங்கிலத்தையும் பயிற்சியோடு சேர்த்தே கவனியுங்கள். வெளிநாட்டுக் கல்லூரியை நினைப்பவர் அதற்கு முன் தொழில்முறை ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிட வேண்டாம், தகுதி பாதிக்கப்படலாம். உள்நாட்டுக் குழுவில் சேர்பவர், வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் பயணச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் ஏற்கும் நிதி ஒன்றை நம் ஊர்ச் சங்கங்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.